ஒரு சாண் தூரம்

கண் டாக்டரின் பிழைப்பு ஒரு சாண் தூரத்தில் நடப்பது. ஸ்லிட் லாம்ப் கருவியின் தாங்கியில் நோயாளி தாடையை வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி உட்காருவார். எதிரே நாங்கள் உட்கார்ந்து உருப்பெருக்கி வழியாக அவர் கண்ணைப் பார்ப்போம். அவர் விடுகிற மூச்சு எங்கள் முகத்தில் படும். காலையில் பச்சை வெங்காயம் கடித்தாரா, இப்போதுதான் வெற்றிலை துப்பிவிட்டு வந்தாரா என்பதுகூடத் தெரிந்துவிடும். கையில் பிடிக்கும் ஆப்தல்மாஸ்கோப் வைத்து விழித்திரையைப் பார்ப்பதென்றால் அந்த ஒரு சாணும் கிடையாது, மூக்கோடு மூக்கு உரசாத குறைதான். வருகிறவர் எல்லோரையும் இப்படித்தான் பார்க்கிறோம். நான் படித்த காலத்தில் இதை ஓர் ஆபத்து என்று யாரும் பாடம் நடத்தியதில்லை. மெட்ராஸ் ஐ சீசனில் மட்டும் கையை அடிக்கடி கழுவச் சொல்வார்கள், அவ்வளவே.

2020 பிப்ரவரி 7 அன்று சீனாவின் வூஹான் மத்திய மருத்துவமனையில் லி வென்லியாங் இறந்தார். புதிய நோய் ஒன்று பரவுகிறது என்று 2019 டிசம்பர் 30-ல் சக டாக்டர்களுக்குச் செய்தி அனுப்பி, அதற்காகப் போலீஸ் கண்டிப்புக்கு ஆளானவர். பத்திரிகைகள் அவரை எச்சரித்த டாக்டர் என்று எழுதின. எங்களுக்கோ அவர் கண் டாக்டர் என்பதுதான் முதலில் உறைத்தது. அவருக்கு நோய் வந்தது காய்ச்சலோ இருமலோ இல்லாமல் கண் நீர் அழுத்தத்துக்குக் காட்ட வந்த ஒருவரிடமிருந்து. மார்ச் மாதத்தில் அதே மருத்துவமனையின் கண் பிரிவிலேயே இன்னும் இரண்டு டாக்டர்கள் போய்விட்டார்கள். ஒரே துறையில் மூன்று பேர். இருமுகிறவர்களைத் தள்ளி உட்காரவைத்தால் போதும் என்று அதுவரை எங்கள் பிரிவில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

நான் அப்போது மதுரையில் ஒரு மருத்துவமனையில் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்குக் கண் மருத்துவம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீடு அழகர்கோவில் பக்கம். அம்மாவைத் தனியே விட மனமில்லாமல் தினமும் காரில் போய்வருவது. பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி, புதூர் என்று சித்திரையில் அழகர் இறங்கிவருகிற அதே சாலை. மார்ச் 25 விடியும் முன்பே தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மதுரை ராஜாஜி மருத்துவமனையில் நிகழ்ந்துவிட்டது. அன்றைக்கே நாடு முழுக்க ஊரடங்கு. மூன்றுமாவடியில் போலீஸ்காரர் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, “கண் டாக்டருக்கு இப்ப என்னம்மா அவசரம்?” என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. கண்ணில் அவசரம் என்று ஒன்று இருப்பது ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது.

மதுரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கண் மருத்துவத்தில் இந்த ஊருக்கு உலகளவில் பெயர் உண்டு. மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவின் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-ல் அண்ணாநகரில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் வளைந்துபோன மனிதர். அந்த விரல்களுக்கேற்ற கருவிகளை வைத்துக்கொண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தவர். அவர் காட்டிய வழி, கூட்டத்தைக் கண்டு பயப்படாத வழி. கிராமத்துக்குப் போய் முகாம் போடு, புரை உள்ளவர்களைப் பஸ்ஸில் ஏற்றி வா, ஒரு டாக்டருக்குப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேஜை போடு, ஒன்றில் அறுவை முடியும்போது அடுத்ததில் ஆள் தயாராக இருக்கட்டும். செலவு குறைந்தது, ஏழைக்கும் பார்வை கிடைத்தது. உலகமே இங்கே வந்து இதைப் படித்துக்கொண்டு போனது. எங்கள் தலைமுறை டாக்டர்கள் எல்லோருக்கும், எந்த மருத்துவமனையில் வேலை பார்த்தாலும், உள்ளுக்குள் இருக்கிற பாடத்திட்டம் இதுதான். பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் வரிசை, ஒரே பஸ்ஸில் ஐம்பது பேர், ஒரே கூடத்தில் எல்லோருக்கும் சொட்டு மருந்து. நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒவ்வொன்றும் ஒரே வாரத்தில் ஆபத்துப் பட்டியலில் ஏறிவிட்டது.

முகாம்கள் நின்றன. கூடத்தில் நாற்காலிக்கு நாற்காலி டேப் ஒட்டினோம். ஸ்லிட் லாம்புக்குத் தடுப்பு வேண்டும் என்றார்கள். கம்பெனியில் கேட்டால் லாரி ஓடவில்லை என்று பதில். எங்கள் ஆப்டோமெட்ரிஸ்ட் தம்பி ஒருவன் பழைய எக்ஸ்ரே படங்களைக் கேட்டு வாங்கி, பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்துத் தேய்த்தான். கறுப்பெல்லாம் கழன்று கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. உருப்பெருக்கியின் இரண்டு குழாய்க்கும் வட்டம் வெட்டி மாட்டினான். யாரோ ஒருவரின் உடைந்த விலா எலும்பு இருந்த படத்துக்குப் பின்னால் உட்கார்ந்து அன்று முழுக்க நோயாளி பார்த்தேன். தடுப்பு சின்னதாக இருந்தால் தும்மல் ஓரத்தில் வழிந்துவரும். பெரிதாக இருந்தால் இமையைத் தூக்கிப் பிடிக்கக் கை எட்டாது. எந்த அளவு சரி என்பதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை, நாங்களே வெட்டி வெட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தோம்.

என்-95 மாஸ்க் போட்டால் மூச்சு மேலே ஏறி உருப்பெருக்கியின் கண்ணாடி மங்கும். மூக்கின் மேல் மைக்ரோபோர் டேப் ஒட்டிக்கொள்ளக் கற்றோம். காற்றைப் பீய்ச்சிக் கண் அழுத்தம் பார்க்கும் கருவியை மூடிவைத்தாயிற்று, அது கண்ணீரைத் துளித்துளியாகக் காற்றில் சிதறடிக்கும் என்ற பயம். கருவிழியைத் தொட்டு அழுத்தம் பார்க்கும் கோல்ட்மன் கருவியின் முனையை ஒவ்வொருவருக்கும் பிறகு துடைக்க வேண்டும். துடைத்தபின் உலர விட வேண்டும். பதற்றத்தில் ஈரத்தோடு வைத்தால் ஸ்பிரிட்டே கருவிழியைச் சுட்டுவிடும். கிருமிக்குப் பயந்து கண்ணைப் புண்ணாக்கிய கதை ஆகிவிடும். கண்ணீர்ப் பையில் தண்ணீர் செலுத்திப் பார்ப்பது, மூக்கு வழியாகச் செய்யும் அறுவைகள், முழு மயக்கம் எல்லாம் தள்ளிப்போயின.

இவற்றையெல்லாம் விடக் கஷ்டமானது பேசாமல் இருப்பது. தாடையை வைத்தபின் இரண்டு பக்கமும் பேசக் கூடாது என்பது விதி. நம்மூர் நோயாளிக்கு அந்த இடத்தில் உட்கார்ந்தால்தான் பேச்சே வரும். மருமகள் கதை, மழை இல்லாத கதை, போன வருஷம் விட்ட சொட்டு மருந்தின் கதை. எனக்கும் அதைக் கேட்டுக்கொண்டே பார்த்துத்தான் பழக்கம். கேட்க வேண்டியதை எட்ட உட்காரவைத்துக் கேட்டு முடித்து, மேலே பார், கீழே பார் என்பதற்கு விரல் சாடை சொல்லிக்கொடுத்து, அப்புறம்தான் தாடையை வைக்கச் சொன்னோம். காது கேட்காத பெரியவர்களுக்கு அந்தச் சாடை எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பிறகுதான் உணர்ந்தேன். மாஸ்க்குக்குப் பின்னாலிருந்து கத்துவதைவிட அது மேல்.

பாதுகாப்பு உடை போடுவதற்கு எல்லோரும் பயந்தார்கள். கழற்றுவதில்தான் நோய் ஒட்டும் என்று அடித்துச் சொன்னவர் எங்கள் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். ஒருநாள் மதியம் பேராசிரியர்கள், மாணவர்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். கருவிழிக் காயம் தெரிவதற்காக நாங்கள் கண்ணில் விடும் ஃப்ளோரசீன் மஞ்சள் சாயத்தை எல்லோருடைய கையுறையிலும் தடவிவிட்டார். இப்போது உங்கள் வழக்கப்படி உடையைக் கழற்றுங்கள் என்றார். கழற்றினார்கள். விளக்கை அணைத்து, நீல வெளிச்சத்தை ஆள்மேல் அடித்தார். துறைத் தலைவரின் காதோரத்தில் பச்சையாக ஒளிர்ந்தது. ஒரு மாணவனின் கழுத்து, இன்னொருத்தியின் மூக்குக் கண்ணாடிக் காது, எங்கும் பச்சை. “சார், இதுதான் வைரஸ். இப்ப வீட்டுக்குப் போயிருந்தா பேரனுக்கு முத்தம் குடுத்திருப்பீங்க” என்றார். யாரும் சிரிக்கவில்லை. கையுறை முதலில், பிறகு கை கழுவு, பிறகு அங்கி, மறுபடி கை கழுவு, முகத்துக்கு வரும்போது வாரைப் பின்னாலிருந்து பிடி. பச்சை தெரியாமல் போகும்வரை ஒருவரையும் வெளியே விடவில்லை அந்த அம்மா. அந்த வருஷம் நான் பார்த்த ஆகச் சிறந்த வகுப்பு அதுதான். நடத்தியவருக்கு எந்தச் சான்றிதழும் வரவில்லை.

சான்றிதழ் வெபினாருக்கு வந்தது. ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலமானால் வெபினார்கள் ஈசல் மாதிரி கிளம்பின. நல்லவையும் இருந்தன. அகில இந்தியக் கண் மருத்துவச் சங்கமும் அதன் சஞ்சிகையும் சேர்ந்து மே மாதத்தில் வெளியிட்ட ஒருமித்த வழிகாட்டி எங்களுக்குக் கைப்பிடி. எதை உடனே பார்ப்பது, எதைத் தள்ளிவைப்பது, எந்த அறுவைக்கு எந்த உடை என்று துறைவாரியாக இருந்தது. ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகமே கண் மருத்துவத்துக்கென்று தனிப் பாதுகாப்பு விதிமுறை வெளியிட்டது. அதுவரை சங்கத்தின் ஏட்டை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தோம். ஆனால் மாணவர்களுக்குக் கை பழக வேண்டுமே. கண்புரை அறுவையை ஸ்லைடு பார்த்துக் கற்க முடியாது. வில்லையின் மேலுறையை வட்டமாகக் கிழிக்கும் அந்த ஒரு கட்டத்துக்கே மாதக்கணக்கில் கை பழக வேண்டும். ஊரடங்குக் காலத்தில் நாடு முழுக்கக் கண் மருத்துவப் பயிற்சி மாணவர்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், பத்தில் எட்டுப் பேர் அறுவைப் பயிற்சி கெட்டுப்போனதாகச் சொன்னார்கள். என் மாணவர்களைக் கேட்டிருந்தால் பத்துக்குப் பத்தும் சொல்லியிருப்பார்கள்.

சாதாரண நாளில் கறிக்கடையிலிருந்து ஆட்டுக்கண் வரும், அதில் பழகுவார்கள். கறிக்கடையே அடைத்திருந்த வாரங்களில் தக்காளித் தோலை உரித்துப் பழகச் சொன்னேன். விடுதியில் ரசம் நிறைய வைத்தார்கள் என்று ஒரு மாணவி பின்னர் சொன்னாள். அதற்குள் பாதிப் பேரைக் கொரோனா வார்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். சளி மாதிரி எடுக்கவும் ஆக்சிஜன் அளவு குறிக்கவும் போனார்கள். மூன்று வருஷப் படிப்பில் ஒரு வருஷத்தின் பெரும்பகுதி அப்படிப் போயிற்று. அவர்களில் யாரும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. ஆனால் அந்த வருஷத்தை அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க எந்தப் பல்கலைக்கழகமும் வழி செய்யவில்லை. தேர்வைத் தள்ளிவைத்தார்கள். அறுவை எண்ணிக்கையை யார் கணக்குப் பார்த்தார்கள்?

அழகர்கோவிலில் அந்தச் சித்திரை வினோதமாக இருந்தது. மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணத்தை எல்லோரும் வீட்டில் இருந்தபடி பார்த்தோம். அழகர் மலையைவிட்டு இறங்கவே இல்லை. பதினெட்டாம்படி கருப்பசாமி கதவுக்கு முன்னால் ஆளில்லை. தோசைப் பிரசாதம் இல்லை. மலைச்சாலையில் குரங்குகள் பசியில் ஊருக்குள் இறங்கி எங்கள் கொய்யா மரத்தைக் காலி செய்தன. வழக்கமாகத் திருவிழா முடிந்த வாரம் எனக்குத் தனி வேலை இருக்கும். பீய்ச்சிய தண்ணீர் பட்ட கண், புழுதி விழுந்த கண், யாரோ கூட்டத்தில் முழங்கையால் இடித்த கண். அந்த வருஷம் ஒருவரும் இல்லை.

அதற்குப் பதிலாக வீட்டு வாசலில் நின்றார்கள். பஸ் இல்லை, மதுரைக்குப் போக வழியில்லை. “டாக்டரம்மா, முகாம் எப்பப் போடுவாக? எனக்கு ஆளே தெரிய மாட்டேங்குதே” என்று கேட்ட ஓர் அப்பத்தாவுக்குக் கையைப் பிடித்து நடத்திவர ஒரு பேத்தி. முற்றிய புரை. அவசரம் இல்லை, காத்திருக்கலாம் என்பதுதான் விதிப்படி சரியான பதில். காத்திருந்த மாதங்களில் அவர் திண்ணையிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அவசரமில்லாத கண் என்று எழுதிய அட்டவணையில் எண்பது வயசுக்காரரின் படிக்கட்டுகளுக்கு ஒரு கட்டம் இல்லை.

ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச் 25 அன்று மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டியையும் வெளியிட்டிருந்தது. வாட்ஸ்அப்பில் கண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொன்னோம். சில கண்களுக்கு அது போதும். இமைக்கட்டி, ஒவ்வாமை, அழுத்த மருந்தைத் தொடரலாமா என்ற கேள்வி. ஆனால் சிவந்த கண்ணின் படம் ஏமாற்றும். எங்கள் பக்கம் நெல்லும் கரும்பும் விளைகிற பூமி. அறுப்பில் தாள் குத்தும், தோகை கீறும், அந்தக் கீறலில் பூஞ்சை இறங்கும். டாக்டர் எம். சீனிவாசனும் சக ஆய்வாளர்களும் மதுரைக் கருவிழிப் புண்களைப் பற்றி 1997-ல் வெளியிட்ட ஆய்வில், பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் ஏறக்குறைய சரிபாதிப் பங்கு இருந்தது. மேலைநாட்டுப் பாடப்புத்தகத்தில் பூஞ்சை ஒரு பத்தி, எங்களுக்கு அது தினசரி வேலை. இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, நோயாளியின் முகத்துக்கு நேரே குனிந்து புண்ணைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. எந்தக் கைபேசிப் படமும் அதைச் சொல்லாது.

கள்ளந்திரிப் பக்கத்திலிருந்து ஓர் அண்ணன் சைக்கிளில் வந்தார். கரும்புத் தோகை பட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டிருக்கிறார். பாட்டிலைக் காட்டினார். ஸ்டீராய்டு. பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு விட்டால் எரிச்சல் இரண்டு நாள் அடங்கும், அடியில் புண் பரவும். கருவிழி வெள்ளையாகிக் கரைகிற நிலை. மறுநாள் என் காரிலேயே பின்சீட்டில், கண்ணாடியை இறக்கிவிட்டு, மாஸ்க்கோடு மதுரைக்குக் கூட்டிப்போனேன். மூன்றாம் வருஷ மாணவி உடையும் தடுப்புமாக உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் சுரண்டினாள். கை அசையவில்லை. பூஞ்சை நூல்கள் தெளிவாகத் தெரிந்தன. நாட்டாமைசின் சொட்டு மணிக்கொரு தரம். கண் தப்பியது, பார்வை தப்பவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் கண்ணில் பூ விழுந்துவிட்டது. கருவிழி மாற்றலாம் என்றால் அந்த மாதங்களில் கண் தானமும் நின்றுபோயிருந்தது.

அந்த மாணவி சுரண்டியதைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறுதியாயிற்று. தொற்றுக் காலத்தில் கண் டாக்டருக்குத் தர வேண்டிய பயிற்சி, எப்படிப் பயமில்லாமல் அந்த ஒரு சாண் தூரத்துக்கு வருவது என்பதுதான். தள்ளி நிற்கச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் தேவையில்லை, பயமே அதைச் சொல்லிக்கொடுத்துவிடும்.

2021 வந்தது. ஜனவரி 16 அன்று தமிழ்நாட்டின் தடுப்பூசித் திட்டத்தை முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி மதுரை ராஜாஜி மருத்துவமனையில்தான் தொடங்கிவைத்தார். எங்களில் பலர் அடுத்த சில வாரங்களில் போட்டுக்கொண்டோம். அழகர் அந்தச் சித்திரையிலும் வைகைக்கு வரவில்லை. இரண்டாம் அலையோடு கரும்பூஞ்சை வந்தது. கட்டுப்படாத சர்க்கரை, உயிர் காக்கக் கொடுத்த ஸ்டீராய்டு, இரண்டும் சேர்ந்த உடம்பில் மூக்கிலிருந்து கண்குழிக்கும் அங்கிருந்து மூளைக்கும் ஏறுகிற நோய். முன்பு சில வருஷங்களுக்கு ஒருமுறை பார்த்ததை மே மாதத்தில் தினமும் பார்த்தோம். அரசு அதை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. ஆம்போடெரிசின் மருந்துக்கு அலைந்தார்கள். உயிரைக் காப்பாற்றக் கண்ணை எடுக்க வேண்டியிருந்தது. இளம் டாக்டர்கள் கண்ணைக் காக்கப் படிக்க வந்து, கண்ணை எடுக்கக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை.

அந்த மே மாதத்தில் பயிற்சி வேறு திசையில் போனது. கொரோனா வார்டில் முதலில் பார்க்கிறவர் கண் டாக்டர் இல்லையே. கன்னம் மரத்துப்போனது, ஒரு பக்கம் தலைவலி, இமை தொங்கியது, ஒன்று இரண்டாகத் தெரிகிறது, மூக்கில் கறுப்புச் சளி, இதில் எது சொன்னாலும் உடனே எங்களைக் கூப்பிடுங்கள் என்று தமிழில் எழுதி வார்டு நர்ஸ்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் கொடுத்தோம். இமை தொங்குவதை முதலில் பார்த்துச் சொன்னவர்களில் தூய்மைப் பணியாளர்களும் உண்டு.

2022 நவம்பரில் தமிழ்நாடு முழுக்க மெட்ராஸ் ஐ பரவியபோது எங்கள் கூடத்தில் சிவந்த கண்ணுக்குத் தனி வரிசை, தனி ஸ்லிட் லாம்ப், சாடைப் பேச்சு எல்லாம் தானாக நடந்தன. யாரும் உத்தரவு போடவில்லை. இப்போது பல இடங்களில் அந்தத் தடுப்புகளைக் கழற்றிவிட்டார்கள். கை எட்டவில்லை, வேலை தாமதமாகிறது என்று காரணம். எனக்கு இது சரியாகப் படவில்லை. சளியும் காசநோயும் அம்மையும் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. ஐம்பது ரூபாய்ப் பிளாஸ்டிக் தகடு அது. புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே மஞ்சள் சாயமும் நீல விளக்கும் வைத்து அந்த வகுப்பை நடத்த வேண்டும் என்றும் நினைக்கிறேன். நடத்த ஒரு சிஸ்டரைக் கூப்பிடுங்கள், பேராசிரியரை வேண்டாம்.

வாசகர்களிடம் கேட்பது கொஞ்சம்தான். தாடையைத் தாங்கியில் வைத்தபின் பேசாதீர்கள், சொல்ல வேண்டியதை முன்பே சொல்லிவிடுங்கள். எதிரே தடுப்பு இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வயலில் கண்ணில் எது பட்டாலும் மருந்துக்கடையில் சொட்டு வாங்கி விடாதீர்கள். ஊரடங்கே இருந்தாலும் மறுநாளே டாக்டரிடம் வந்துவிடுங்கள்.